மூன்றாம் மாதத்துக் கல்யாணம்

என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று மடுகரை சிங்காரவேலு சொல்லியனுப்பினார். அவர் மகன் மணவாளனுக்கு என் தங்கை தனக்கொடியைப் பேசி முடித்திருந்தோம். வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் பாக்கி. "தாலி இல்ல, ஐயர் இல்ல, மேளம் இல்ல. எதப் பாத்து நம்புறது? ஆதாரம் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றாராம். தனக்கொடி சோற்றைத் தொடவில்லை.

நான் மடுகரைக்கே போய் அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்தாள். "அடங்குடி. மெட்ராஸ்ல பி.ஏ. படிச்சது சண்ட போடவா?"

பாதிக் கோபம் அப்பா மேலும்தான். வடக்கே பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர், அங்கிருந்த 'நண்பர்கள் சபை'க் கிறிஸ்தவர்களான வெள்ளைக்காரக் குவேக்கர்களோடு பழகி, குவேக்கராகவே ஏம்பலத்துக்குத் திரும்பினார். அவர்கள் கல்யாணத்தில் பாதிரியும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாரும் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று, ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான். கடவுள் சேர்த்ததைச் சர்க்கார் எதற்கு எழுத வேண்டும் என்று, பிறப்பு, கல்யாணம், சாவு பதிகிற கொம்யூன் ஆபீசான மேரியிலும் அப்பா பதியவில்லை. சாட்சிப் பத்திரத்தைக் கறையான் தின்றது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் கல்யாண அறிவிப்பை வில்லியனூர் வாரப் பத்திரிகையில் போட்டிருந்தாராம். பத்திரிகை நின்றுபோனாலும், அதை அச்சடித்த மரியதாஸ் பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாகப் பரணில் வைத்திருந்தார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"எந்த மாசம்மா?" என்று கேட்டார் மரியதாஸ்.

"மூணாம் மாசம்னுதான் சொல்லுவாரு. மாசத்துக்குப் பேரு சொல்லமாட்டாரு. எல்லாம் பொய்ச்சாமி பேராம்."

சித்திரை, வைகாசி, ஆனி. அந்த வருஷத்து ஆனி இதழ்களை வரிவரியாகப் பார்த்தோம். காணாமல்போன காளை இருந்தது, சாராயக்கடை ஏலம் இருந்தது, அப்பா இல்லை.

"பொய் சொல்லிட்டுப் போயிட்டாரா உம் புருஷன்?" என்று கத்தினேன்.

"வாயக் கழுவுடி. அன்னிக்குக் கரும்பு ஆலை ஓடிக்கினு இருந்துச்சு. என் பொடவையெல்லாம் பாகு வாசன."

மரியதாஸ் தும்மினார். "ஆனியில எவம்மா கரும்பு ஆட்டுறான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் வருஷம் சித்திரையில் பிறக்காது. வெள்ளைக்காரர்களோடு ஜனவரியில் பிறக்கும். அவர் பொய்ச்சாமி என்றது ஜனவரி, மார்ச் என்று மாதங்களுக்குப் பேர் தந்த ரோமாபுரிச் சாமிகளை. மார்ச் மாதக் கட்டைப் பிரித்தோம். அப்பா இருந்தார். 'ஏம்பலம் சிவப்பிரகாசமும் ஆண்டாளும் நண்பர்கள் சபை முறைப்படி மணம் புரிந்துகொண்டார்கள்' என்று போட்டு, சாட்சிகளின் பெயரும் ஊரும் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒரு பெயரைப் பார்த்ததும் அச்சுக்கூடம் அதிரச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவும் நானும் மடுகரையில் இருந்தோம். சிங்காரவேலுவின் கையில் இதழைக் கொடுத்தேன்.

"சாட்சிப் பேரையும் படிங்க மாமா. சத்தமா."

படித்துக்கொண்டே வந்தவர் இழுத்தார். "மடுகரை கலியபெருமாள் மகன்... சிங்கார..." நிமிர்ந்தார். "இது இன்னாடி கூத்து?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"ஏம்பலம்... கூடம் முழுக்க ஜனம், ஒருத்தரும் வாயத் தொறக்கல, அந்த வூடா?"

"அந்த வூடுதான்" என்றாள் அம்மா.

"அது கல்யாணமா? நான் எழவுன்னுல்ல நெனச்சேன்!"

கதவுக்குப் பின்னாலிருந்த மணவாளன் வாய்விட்டுச் சிரித்தான்.

"சிரிக்காதடா! எங்கப்பாரு போய்ட்டு வான்னாரு, போனேன். ஒரு மேளம் இல்ல. எல்லாம் தலையத் தொங்கப் போட்டுக்கினு இருக்காங்க. பொணம் உள்ள இருக்கும்னு நானும் குந்திக்கினேன். இந்தம்மா எழுந்து இன்னாவோ முணுமுணுத்தாங்க. பாவம், ஒப்பாரி வைக்கக்கூடத் தெம்பில்லன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"கையெழுத்துப் போட்டீங்களே?" என்றேன்.

"மேரியில சாவு பதியத்தான் சாட்சி கேக்குறாங்கன்னு போட்டேன். நேரா ஏரிக்குப் போயி, தல முழுகிட்டுத்தான் வூட்டுக்குள்ள வந்தேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சிங்காரவேலுதான் பயந்துபோய் எழுந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்திம்மா."

அந்த வார்த்தை வந்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. தனக்கொடி இன்றைக்குச் சாப்பிடுவாள்.

"வெத்தல பாக்கு வெள்ளிக்கெழம மாத்திக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "பொண்ணு வூட்டுல இன்னா செய்வீங்களோ, மேளம் மட்டும் ரெண்டு செட்டா வெச்சுடுங்க. இல்லாட்டி எங்க ஜனம் பாதி தல முழுகப் போயிடும்" என்றார்.