தரைத்தளத்து மடி

அஸ்தினாபுரத்தில் தரைத்தள வீடு வாங்கியவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு விருந்தாளி உண்டு. வாசல் வழியாக வரமாட்டார், குளியலறைச் சல்லடை வழியாகத்தான் வருவார். புதன்கிழமை காலை ஆறரைக்குக் காமுவின் வீட்டுக்கு வந்தார். தெருவில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ள, மேலே மூன்று மாடிக்காரர்களும் காலையில் அனுப்பிவைத்ததெல்லாம் அவள் கூடத்தில் கணுக்கால் அளவு நின்றது.

வேறு நாளாக இருந்தால் காமு உட்கார்ந்து அழுதிருப்பாள். அன்று அதற்கு நேரமில்லை. கணவர் சாம்பசிவன் இதய அறுவை சிகிச்சை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். நெஞ்சிலும் காலிலும் தையல். புண்ணில் கிருமி பட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு எங்காவது தங்கவைக்கலாம் என்றால், தங்கை வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி.

சுத்தம் காமுவுக்குப் புதிதல்ல. மடி, ஆசாரம் என்றால் அந்தக் குடியிருப்பில் அவள்தான். எதைத் தொட்டால் கை அலம்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பாத்திரம் தேய்க்கும் பச்சையம்மா பதினோரு வருஷமாகப் பின்வாசலில் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போகிறாள். சமையலறைக்குள் காலடி வைத்ததில்லை. அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் பின்பக்க ஜன்னல் கட்டையில் கவிழ்ந்திருக்கும்.

ஏழு மணிக்குப் பச்சையம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"கரண்டு மெயின் ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன். வந்து கொஞ்சம் தள்ளிவிடேன்."

"நான் எறங்க மாட்டேன்மா. கால்ல வெட்டுக்காயம் கீது. அந்தத் தண்ணி பட்டா சீழ் வெச்சிக்கும். நீங்க எறங்குங்க, நான் வெளிய இருந்து எடுத்துக் குடுக்கறேன்."

காமுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் புண், கிருமி என்று ஒன்பது நாளாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான். கணவரின் மழைக்கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

எட்டரைக்குக் கழிவுநீர் லாரி வந்து அடைப்பை எடுத்தது. தண்ணீர் இறங்கியது, கூட வந்தது இறங்கவில்லை. காமு வாரினாள். பாய், தலையணை, மிதியடி எல்லாம் வெளியே போயின. சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாள். கூடவே ஆசிட் பாட்டிலை எடுத்தபோது பச்சையம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "ஐயோ, ரெண்டையும் கலக்காதீங்க! மூச்சு அடைச்சிக்கும்!"

ஒரு மணிக்குத்தான் கஞ்சி ஞாபகம் வந்தது. உயரமான கல்படி இருந்ததால் சமையலறை மட்டும் தப்பித்திருந்தது. காமு படியில் காலைத் தூக்கினாள்.

"நில்லுங்க!"

ஜன்னலில் பச்சையம்மா. அந்தக் குரல் காமுவுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகப் பச்சையம்மாவிடம் தானே பயன்படுத்திய குரல். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

"இந்த ஒரு எடம்தான் சுத்தமா கீது. அந்தக் காலோட வந்தா அதுவும் போச்சு."

"பின்னே கஞ்சி யார் வைக்கறது?"

கேட்டு முடிப்பதற்குள் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. பச்சையம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, காயத்தின் மேல் புது பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக உள்ளே போனாள்.

"அரிசி எங்கம்மா?"

பதினோரு வருஷம் சோற்றுப் பானை தேய்த்தவளுக்கு அரிசி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. காமு படிக்கு இந்தப் பக்கம் நின்று கை நீட்டிக் காட்டினாள்.

கஞ்சி கொதிக்கும்போதே காபியும் வந்தது. பச்சையம்மா காமுவின் கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போடச் சொன்னாள். பிறகு டம்ளரைப் படி ஓரத்தில் தள்ளி வைத்தாள். ஜன்னல் கட்டை டம்ளர்.

"உள்ள இருக்கறதை நீங்க தொட்டா எல்லாத்தையும் கழுவணும். இது வெளிய இருக்கறதுதானே."

நியாயம்தான், குறை சொல்ல முடியாது. காமு குடித்தாள். வெட்கமாக இருந்தது. காபி நன்றாக வேறு இருந்தது.

மேல் வீட்டில் குளித்துவிட்டு வந்தாள். நாலு மணிக்குச் சாம்பசிவன் வந்து கஞ்சி குடித்தார்.

"நன்னா இருக்கே."

"பச்சையம்மா பண்ணினது."

"அப்படியா? இன்னும் கொஞ்சம் விடு."

காமு அந்த ஜன்னல் கட்டை டம்ளரைத் தானே கழுவி, சமையலறை அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைக்கப் போனாள். பின்வாசலிலிருந்து பச்சையம்மா பார்த்துவிட்டாள்.

"அங்க வைக்காதீங்கம்மா, அது என்னோடது. இத்தினி வருஷம் நான் மட்டும்தான் அதுல குடிச்சிருக்கேன். இன்னிக்கு நீங்க குடிச்சிட்டீங்க. பிளீச்சிங் தண்ணில பத்து நிமிஷம் ஊறட்டும், நல்லா அலசி ஜன்னல்லயே கவுத்துடுங்க."

காமு கடிகாரத்தைப் பார்த்து ஊற வைத்தாள்.