அழகுபாண்டியின் தொண்டையில் இன்னொருவர்

"நீ இல்லை" என்று அழகுபாண்டி சொல்லி முடிப்பதற்குள், "இல்லாதவன்கிட்ட என்னடா பேச்சு?" என்று சோணைச்சாமி கேட்டார். "பேசலயே, வெளிய போன்னுதான சொல்றேன்." "எங்கிட்டுப் போக? உருமி அடிச்சுக் கூப்ட்டது ஒங்க ஊரு." ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்த இரண்டு குரல்களில் ஒன்று மெலிந்திருந்தது, மற்றது பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்திருந்தது. இரண்டும் வந்தது அழகுபாண்டியின் ஒரே வாயிலிருந்து. 1998ஆம் வருடம், மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலை, செக்கானூரணிக்கு மேற்கே வடக்கூத்துப்பட்டியில் ஊரே கோயில் முன்னால் கூடி நின்று இதைக் கேட்டது. உருமிக்காரர் எந்தக் குரலுக்கு அடிப்பது என்று தெரியாமல் குச்சியை இறக்கிவிட்டார். ஆள்மேல் சாமி இறங்குவது அங்கே புதிதல்ல. சாமி வந்தால் ஆள் ஒதுங்கிக்கொள்வான், அதுதான் முறை. அழகுபாண்டி ஒதுங்கவில்லை. அவன் சாமி கும்பிடக்கூட வரவில்லை, மனைவியைக் கூட்டிப்போக வந்தவன்.

அவன் நாத்திகனாவதற்கு யாரும் புத்தகம் கொடுக்கவில்லை. 1992 ஐப்பசியில் அவனுடைய நான்கு வயது மகள் தங்கப்பொண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. உசிலம்பட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக அவன் சைக்கிளை எடுத்தான். அவனுடைய அப்பா பேயாண்டி முப்பது வருடமாகச் சோணைச்சாமிக்கு ஆடி வந்தவர். அவர் உடம்பு குலுங்கி, குரல் மாறி, ஊசி போடக் கூடாது, மூன்று நாளில் நானே இறக்கித் தருகிறேன் என்று குறி சொன்னார். சாமியே சொல்லிவிட்டதே என்று மனைவி பாண்டீஸ்வரி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அவனும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். மூன்றாம் நாள் விடியும்போது பிள்ளை இல்லை. சாமி தனக்கென்று எடுத்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. பாண்டீஸ்வரி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வேளைக் கஞ்சியைக் குடித்தாள், அதற்கடுத்த வேளையையும் குடித்தாள்.

அழகுபாண்டிக்கு வேலை கப்பலூரில், ஒரு ரப்பர் கம்பெனியில். வாஷரை இழுத்து எந்த இடத்தில் கிழிகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளை போய் இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கைக்கு வந்த வாஷரெல்லாம் வெடித்திருந்தது. சூடு கூடிவிட்டதா, கந்தகம் குறைந்துவிட்டதா, அச்சில் கோளாறா என்று மேனேஜர் முதல் கூட்டுகிறவர் வரை பொழுது சாயும்வரை விசாரித்தார்கள். யாரும் விதி என்று சொல்லவில்லை. ஒரு வாஷருக்கு இம்புட்டு ஏன் கேட்கிறார்கள், என் பிள்ளைக்கு ஒருத்தரும் கேட்கவில்லையே என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் கையில் கட்டியிருந்த சாமிக் கயிற்றைப் பல்லால் அறுத்து, பஸ் ஜன்னல் வழியே போட்டான். அதற்குப் பிறகு அவனோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாமல் போயிற்று. மழை வந்ததே சாமி புண்ணியத்தில் என்று யாராவது சொன்னால், போன வருடம் வராததற்கு யார் பொறுப்பு என்பான். காதுகுத்து வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஆதாரம் என்ன என்று கேட்பான். "மாப்ள, சோத்தையாச்சும் கேள்வி கேக்காமத் தின்னு" என்று பந்தியில் சொல்லிப் பார்த்தார்கள். 1997இல் பேயாண்டி செத்தபோது, இனிச் சாமி யார்மேல் இறங்கும் என்று ஊர் கவலைப்பட்டது. இறங்கிய இடம் இதுதான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. இரண்டு குரலையும் கேசட்டில் பிடித்துக்கொண்டு கே.கே. நகரில் தொண்டை டாக்டர் ஜனகராஜிடம் போனான். அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கனத்த குரல் பேசும்போது குரல் நாண் அசையவே இல்லை என்றார். சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, தன் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில், மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று மெதுவாகக் கேட்டார். சாமியும் சௌராஷ்டிரத்திலேயே பதில் சொன்னார். அழகுபாண்டிக்கு அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. வெளியே வந்ததும், "இப்பவாச்சும் ஒத்துக்கிறியா?" என்றார் சாமி. மதுரையில் எத்தனை கடையில் நின்றிருக்கிறேன், எங்கேயோ காதில் விழுந்தது உள்ளே தங்கியிருக்கும் என்றான் அழகுபாண்டி. என்ன சொன்னாலும் அது உன் மண்டையிலிருந்து வந்தது என்றால் நான் எந்தப் பரீட்சையில்தான் பாஸாவது என்று சாமி சலித்துக்கொண்டார். பஸ் ஏறும்வரை இருவரும் கத்திக்கொண்டே வந்தார்கள். கூட வந்திருந்த பாண்டீஸ்வரி நான்கு அடி பின்னால் நடந்தாள்.

அடுத்து அவன் மேடையேறிப் பேசிவந்த பகுத்தறிவுச் சங்கத்தார் ஊருக்கே வந்தார்கள். தலைவர் வெள்ளைத்துரை அவன் வாயில் துண்டைச் சுருட்டி அடைத்தார். அழகுபாண்டியின் குரல் நின்றது. சாமியின் குரல் நிற்காமல், வந்ததுதான் வந்தீர்கள், ஒரு சுருட்டாவது வாங்கி வந்தீர்களா என்று கேட்டது. வயிற்றுக்குள்ளிருந்து பேசும் வித்தை இது என்று வெள்ளைத்துரை முடிவு செய்து, அவனைச் சங்கத்தை விட்டு எடுத்துவிட்டார். "தோழர், நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. கூட வர்றவருதான் சரியில்ல" என்று போகும்போது சொன்னார்.

வருடம் ஓட ஓட ஊருக்குப் பழகிவிட்டது. மாசி மட்டும் வந்தவர் செவ்வாய் வெள்ளி வந்தார், பிறகு நினைத்த நேரமெல்லாம் வந்தார். கல்யாண வீடுகளில் அழகுபாண்டிக்கு இரண்டு இலை போட்டார்கள். சுருட்டு அவருக்கு, இருமல் இவனுக்கு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அவன் ஐந்து வருடம் தெருத்தெருவாகச் சொன்னபோது ஓர் அடுப்பும் எரியவில்லை. கனத்த குரல் ஒருமுறை சொன்னதும் ஊர் முழுக்கப் புகை எழும்பியது. அவன் சுவரில் முட்டிக்கொண்டான். "ஒம் புருசனோட என்னால மாரடிக்க முடியல தாயி" என்று சாமியே பாண்டீஸ்வரியிடம் முறையிட்டார். ஆக்கிப்போடுவது நான்தானே, நான் யாரிடம் முறையிட என்று அவள் கேட்டாள்.

2003 சித்திரையில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு முத்துத்தாய், காய்ச்சலில் துவண்ட பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு குறி கேட்க வந்தாள். உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள் என்றான் அழகுபாண்டி. சாமி சொல்லட்டும் என்று அவள் நின்றாள். ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வான், நிற்காதீர்கள் என்று மறுபடி சொன்னான். அவள் அவன் வாயைப் பார்த்தபடியே இருந்தாள். கடைசியில் கனத்த குரல், "அவன் சொன்னதுதான் உத்தரவு, ஓடு" என்றது. அவள் ஓடினாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரியின் கை நின்றது. இத்தனை வருடம் சோறும் சுருட்டும் கொடுத்தவள் அவரிடம் ஒரு குறியும் கேட்டதில்லை.

"அடுத்த வீட்டுப் பிள்ளைய ஓடுங்குற. எம்பிள்ளைக்கு மட்டும் ஊசி கூடாதுன்னு ஏன் சொன்ன?"

"நான் சொல்லல தாயி. பேயாண்டி மேல நான் ஒருநாளும் எறங்குனதில்ல. அவனாச் சொன்னது அது."

"அதத்தான நானும் அன்னையிலருந்து தலபாடா அடிச்சுக்கிறேன், அது எங்கப்பன் பேச்சுன்னு" என்றான் அழகுபாண்டி.

இரண்டு குரலும் ஒன்றையே சொன்னது அதுதான் முதல் தடவை. அது இருவருக்குமே உறைத்திருக்க வேண்டும். பாண்டீஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள். சாமி எடுத்துக்கொண்டது என்ற சொல்லை நம்பித்தான் இத்தனை காலம் கஞ்சி இறங்கியது, அந்தச் சொல் இப்போது யாருடையதும் இல்லை. வாசலில் அவன் டி.வி.எஸ். வண்டி நின்றது. அதன் ஹேண்டில்பாரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அவன் வாய்க்கு நேராக நின்றாள்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் இங்கனதான இருந்தீங்க. இந்த வாயத் தொறந்து, புள்ளையத் தூக்கிட்டுப் போன்னு சொல்ல ஒருத்தருக்குமா தோணல?"