தூக்கிப் பார்க்காத இன்ஜின்

"மூணு சிலிண்டர்னு சொன்னீரு, இருக்கு. டீசல்னு சொன்னீரு, அதுவும் இருக்கு. டிராக்டர் இன்ஜின்னு சொன்னீரே பாய், அது எங்கய்யா இருக்கு?"

செபஸ்தியான் போட்ட சத்தத்தில், பேகம்பூர் முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசும் கையுமாக எழுந்து வந்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கே ஒரு சண்டை கிடைப்பது என்றால் சும்மாவா?

"நான் எங்கண்ணே சொன்னேன்?" என்றார் பழைய இரும்புக்கடை அப்துல் லத்தீப். கத்திப் பழக்கமில்லாத தொண்டை, பாதியில் கீச்சென்றது. "ஏலத்துல வர்றத வந்தபடி விக்கிறவன் நான். எது எந்த வண்டிக்குச் சேரும்னு பாக்கத்தான நீங்க ஒரு ஆளக் கூட்டியாந்தீங்க?"

"ஆளா? அவரு என் மாப்ள! வாயப் பாத்துப் பேசும்."

கூட்டம் மொத்தமும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்ற ஆண்டனிராஜ், அழுக்கே இல்லாத கையை அழுக்குத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

தாடிக்கொம்பு ரோட்டில் டிராக்டர் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். இருபத்தொன்பது வயது. சத்தத்தைக் கேட்டே எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவான் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது பெரும்பாலும் அவனேதான் என்பது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். அகரத்தில் செபஸ்தியானுக்கு நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையாது. அவரிடம் இருந்தது ஒரு குட்டி டிராக்டர். சித்திரை மாசம் அதன் இன்ஜின் உயிரை விட்டது. அதே ரகத்தில் பழைய இன்ஜின் ஒன்று கிடைத்தால் மாட்டிக்கொள்ளலாம் என்று தேடினார். அந்தச் சமயத்தில்தான் மகள் ரூபிக்கு ஆண்டனிராஜைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பையனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று அவனையே கூட்டிக்கொண்டு லத்தீப் கடைக்கு வந்தார். செபஸ்தியான் எப்போதுமே ஒரு டீசல் செலவில் ரெண்டு காரியம் முடிக்கிற ஆள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டே முக்கால். இன்ஜின் ஒரு லாரி டயருக்குள் உட்கார்ந்திருந்தது, மேல்பாதிதான் தெரிந்தது. ரகம் எழுதிய தகடு எப்போதோ பிய்ந்துபோய், ரெண்டு ஓட்டைதான் மிச்சம். வண்டியை நிழலில் நிறுத்தச் செபஸ்தியான் போயிருந்தார். லத்தீப் தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, ஜும்மாவுக்கு நேரமாச்சு. ஒரு முக்கா மணி நேரம் இருங்க. வந்து செயின் போட்டுத் தூக்குறேன். அடியில பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

இருந்திருக்கலாம். எதிரே டீக்கடை, நல்ல நிழல். ஆனால் பெண்ணைப் பெற்றவர் திரும்பி வரும்போது, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்று மெக்கானிக் குத்தவைத்துக் காத்திருந்தால் என்ன மதிப்பு? ஆண்டனிராஜ் பம்பில் ஒரு தட்டு, ஹெட்டில் ஒரு தட்டுத் தட்டினான். "தூக்கவே வேணாம் பாய். எனக்குத் தெரியும். நீங்க தொழுகைக்குப் போங்க."

செபஸ்தியான் வந்து, "என்ன தம்பி, பாய் என்ன சொல்றாரு?" என்றார்.

"குட்டி டிராக்டர் இன்ஜின்தான். சந்தேகமே வேணாம்."

யார் சொன்னது என்பதை அவனும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

சாயந்திரம் வண்டியில் ஏற்றுவதற்காகச் செயினில் தூக்கியபோது ஆண்டனிராஜ் அதன் அடிவயிற்றைப் பார்த்தான். அந்தக் குட்டி டிராக்டர் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டி கனத்த வார்ப்பிரும்பாக இருக்கும். முன் அச்சின் பாரத்தை அதுதான் தாங்கும். இங்கே தொங்கியதோ தகரம், பிஸ்கட் டப்பா மாதிரி. அதே மூன்று சிலிண்டர், அதே நிறம், அதே முகம். ஆனால் ஜெனரேட்டருக்கென்று செய்தது. உட்கார்ந்த இடத்தில் ஒரே வேகத்தில் ஓடப் பிறந்த ஜென்மம்.

வாயைத் திறந்தான். திறந்த நேரம் பார்த்துச் செபஸ்தியான் போனில் மனைவி ஜெயமேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் மாப்ள பாத்துட்டாரு. அவரு சொன்னாச் சரியா இருக்கும்."

மாப்ள. அதுவரைக்கும் வெறும் தம்பிதான். ஆண்டனிராஜ் திறந்த வாயைக் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டான்.

அப்புறம் தப்பை வெல்டிங் வைத்து மறைக்கப் பார்த்தான். ரெண்டு பக்கமும் சேனல் இரும்பு கொடுத்து முன் அச்சை அதில் கோத்தான். மோர் கொண்டுவந்த ரூபி, "எதுக்கு இம்புட்டு இரும்பு?" என்று கேட்டாள். "பலத்துக்கு" என்றான். நிச்சயதார்த்தம் நடந்தது. பதினோரு நாள் வண்டியும் ஓடியது. பன்னிரண்டாம் நாள் வரப்பில் ஏறி இறங்கியதில் சேனல் வளைந்து, தகரத்தைக் கிழித்து, எண்ணெய் பூராவும் திராட்சை வேரில் இறங்கியது. மாப்பிள்ளையை எதற்குத் தொந்தரவு பண்ண வேண்டும் என்று செபஸ்தியான் சாணார்பட்டியிலிருந்து வேறு மெக்கானிக்கை வரச் சொன்னார். அந்த மனுசன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "இது ஜெனரேட்டர் இன்ஜின்ணே. எந்தப் புண்ணியவான் வித்தான்?" விற்றவன் பேரைத்தான் கேட்டான், பார்த்து வாங்கியவன் பேரைக் கேட்கவில்லை.

அந்தப் புண்ணியவான் கடைவாசலில்தான் இப்போது சண்டை.

"தம்பி, நீயே சொல்லு" என்றார் லத்தீப். "இரு, தூக்கிக் காட்டுறேன்னு நான் சொன்னேனா, இல்லையா?"

செபஸ்தியான் பார்த்தார். டீ கிளாஸ்காரர்கள் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஒரே அவசரம் பாய். சரியா ஞாபகம் இல்ல."

லத்தீப் செபஸ்தியான் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "சரிண்ணே. இன்ஜினக் கொண்டாந்து போட்டுட்டுப் பணத்த வாங்கிக்கங்க. பேச்சு வேணாம்."

பேச்சு வேண்டாம் என்றவருக்குத்தான் பேச்சு வந்து சேர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரிதானே? ஆத்தூர் வரைக்கும் செய்தி போனது. வழக்கமாக வருகிற விவசாயிகள் வேறு கடை தேடிப் போனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் ஒரு போல்ட் வாங்கினால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஆண்டனிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண யோசனை என்று ஊர் கண்ணடித்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான், கோபம், பொறாமை, பூசைக்குப் பிந்திப் போனது என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னான், இன்ஜினைத் தவிர.

ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று. அந்த இடத்தில் வழக்கமாக யாராவது இருமுவார்கள். முதல் ஓலைக்கு இருமியது ஆண்டனிராஜ். இரண்டாம் ஓலைக்கு இருமல்கூட வரவில்லை.

மறுநாள் லத்தீப் கடையில் போய் நின்றான்.

"பாய், நீங்க சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்குச் சாயந்திரமே தகரத்தப் பாத்துட்டேன். மன்னிச்சிருங்க."

லத்தீப் பழைய பேரிங்குகளைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். "இத எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லு."

"சொன்னா கல்யாணம் நின்னுரும் பாய்."

"யாவாரம் நின்னுருச்சு, பாத்தியா?" என்றவர், ஒரு பேரிங்கைக் காதோரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீ சொல்லவா?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மூன்றாம் ஓலை. பூசை முடிந்து ஜனம் வெளியே நின்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்தது. ஆண்டனிராஜ் செபஸ்தியான் முன்னால் போய் நின்றான்.

"மாமா, பாய் ஏமாத்தல. தூக்கிப் பாருன்னாரு, நாந்தான் வேணாம்னேன். தெரிஞ்ச பெறகும் நாந்தான் சொல்லல."

செபஸ்தியான் கத்தினார்.

"இன்ஜின் கெடக்குது கழுத! ஒரு பெரிய மனுசன நடுத்தெருவுல என்னைய ஏச விட்டுட்டு, பக்கத்துல நின்னு கையத் தொடச்சுக்கிட்டு இருந்தியேடா!"

"மாப்ள மாப்ளன்னு ஊருக்கு முன்னாடி குதிச்சது யாராம்?" என்று ஜெயமேரி புருசனைப் பார்த்துக் கேட்டாள்.

ரூபி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் கேட்டப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?" அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கல்யாணம் அதோடு நின்றது.

செபஸ்தியான் மறுநாளே பேகம்பூர் போய், சண்டை போட்ட அதே இடத்தில், அதே சத்தத்தில் தன் தப்பைச் சொன்னார். ஆனால் சண்டைக்கு வந்த கூட்டம் மன்னிப்புக்கு வருமா? டீக்கடையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதில் ஒருத்தர் வெளியூர்.

லத்தீப் அந்த வருஷக் கடைசியில் கடையைக் கைமாற்றிவிட்டு, வாணியம்பாடியில் இருக்கும் மகன் ஃபயாஸ் வீட்டோடு போய்விட்டார். ரூபி அடுத்த வைகாசியில் திருச்சிப் பையன் ரொனால்டைக் கட்டிக்கொண்டாள்; பையன் மெக்கானிக் இல்லை என்று ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிய பிறகுதான் செபஸ்தியான் அவர்கள் வீட்டுக் காபியைத் தொட்டாராம். ஆண்டனிராஜ் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஒட்டன்சத்திரம் போய், அங்கே ஜெனரேட்டர் வேலை பார்க்கிறான். இந்த வருஷம் பிரிஸ்கில்லா என்ற நர்சைக் கட்டிக்கொண்டான். ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் அவன் கோயிலுக்குள் வராமல், வெளியே செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நின்றான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.