முல்லை நாலின் இரைச்சல்

1

இந்தக் கதை றேடியோப் பழுதுகளை எழுதிவைக்கும் ஒரு முறைப்பாட்டுக் கொப்பியில் கிடைத்தது. "முல்லை நாலு. கதைக்கும்போது இரைச்சல். எஞ்சினை நிற்பாட்டினால் இல்லை." அவ்வளவுதான். 2004, கிளிநொச்சியில் ஒரு நிவாரண அலுவலகம். எழுதியவரின் பெயர் இல்லாததால் பத்மாசனி என்று நானே வைத்தேன். தனிமையையும் நானே வைத்தேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஆனையிறவுக் காற்று அன்று…" வேண்டாம். காற்றுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: காலை ஏழு மணிக்குக் கதிரையில் அமர்ந்தால் மாலை வரை பத்மாசனி றேடியோ செற்றோடுதான். வாகனங்கள் எங்கே நிற்கின்றன என்று கேட்டு எழுதுவாள். வேறு கதை கதைக்கக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது. வீட்டிலும் கதைக்க ஆளில்லை. (காரணத்தை எழுதி வெட்டிவிட்டேன். அந்த வருடங்களில் வன்னியில் யாரும் காரணம் கேட்பதில்லை.)

3

முல்லைத்தீவில் பிக்கப் ஓட்டும் ஒருவனை அவள் கண்டதேயில்லை. அவளுக்கு அவன் முல்லை நாலு, அவன் வாகனத்தின் றேடியோ அழைப்புக்குறி. முன்ஸிர் என்ற பெயர் எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது போன புத்தளத்திலிருந்து திரும்பி, வீடிருந்த காணியில் தனியாகக் கொட்டில் போட்டிருப்பவன்.

அவன் குரலுக்குப் பின்னால் 'ங்ஙீ' என்று ஓர் இரைச்சல். எஞ்சின் வேகம் கூடினால் அதுவும் ஏறும். "ஓவர்" சொன்ன பிறகும் அவன், கதைக்க அழுத்தும் மைக் பட்டனை உடனே விடமாட்டான்.* அந்த நாலைந்து விநாடியும் பத்மாசனி அவனோடு றோட்டில் போனாள். வேறெங்கும் அவள் போவதில்லை.

பிறகு ஏன் முறைப்பாடு எழுதினாள்? இதில்தான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்கு அம்புலன்ஸ் கேட்டு அவன் சொன்ன செய்தியை, இரைச்சலில் மூன்று தரம் திருப்பிக் கேட்க வேண்டிவந்தது. பயந்துபோய் அன்றே எழுதிவிட்டாள். நல்லவள். அவளை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

* முதல் பிரதியில் அவன் பட்டனை ஒழுங்காக விட்டான். கதை அங்கேயே படுத்துவிட்டது.

4

செற் திருத்தும் பாலன் முல்லைத்தீவுக்குப் போனான். வாகனத்துக்குள் இருப்பவருக்கு அந்த இரைச்சல் கேட்காது. பத்மாசனி சொன்னால்தான் உண்டு.

"அக்கா, எஞ்சினை நிப்பாட்டியிருக்கு. இரையுதோ? ஓவர்."

"இல்லை. ஓவர்."

"இப்ப றேஸ் பண்ணுறம். ஓவர்."

"ஓம், ஏறுது. ஓவர்."

"அப்ப டைனமோவிலயிருந்துதான் வருது. பற்றறியிலயிருந்து செற்றுக்கு நேரே வயர் இழுத்துவிடுறன். ஓவர்."

அரை மணி நேரம் கழித்து, கிளிநொச்சியைக் கூப்பிடும் முன்ஸிரின் குரல். "கிளி, கிளி, முல்லை நாலு. எஞ்சின் ஓடுது. எப்பிடிக் கேக்குது? ஓவர்."

துப்புரவாகக் கேட்டது. ஆனால் அவன் பட்டனை விடவில்லை. இரைச்சல் போன இடத்தில் ஒரு மனிதன் மூச்சு விடுவது கேட்டது. பத்மாசனிக்குக் கண் கலங்கியது.

"வேற சத்தம் ஏதும் வருதோ அக்கா?" இது மைக்கை வாங்கிய பாலன். "பட்டன் ஒட்டிப் பிடிக்குது போல. சொன்னா மைக்கை மாத்திவிடுறன். ஓவர்."

5

முடிவு ஒன்று: "இல்லை" என்கிறாள். பொய். மூச்சு அவளுக்கு மிஞ்சும்.

முடிவு இரண்டு: "ஓம்" என்கிறாள். அவன் பட்டனைப் பிடித்திருக்கும்வரை வேறெந்த வாகனமும் அவளைக் கூப்பிட முடியாது. இன்னொரு பெண்ணுக்கு வலி வந்தால்? நல்லவள் என்று வேறு எழுதித் தொலைத்துவிட்டேன்.

மூன்றாவது: அவன் பெயரை நானே அவளிடம் சொல்லி… இல்லை, அது என்னால் ஆகாது.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் கெதியாகச் சொல்லுங்கள். அவள் பட்டனை அழுத்தி நாலைந்து விநாடி ஆகிவிட்டது, இன்னும் வாய் திறக்கவில்லை. அங்கே முன்ஸிர் கேட்டுக்கொண்டிருக்கிறான்.