சாட்சியில்லாத கைநாட்டு

ஊசிகளில் குறை இல்லை. கையுறைகளில் குறை இல்லை. கருவிகளை ஆவியில் வேகவைக்கும் பெட்டியின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், அங்கேயும் ஒரு மண்ணும் இல்லை. சுகாதார ஆய்வாளருக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தெரு தன் பொறுப்புக்கு வர மூன்று வருஷம் காத்திருந்தவள் அவள். கூட வேலை பார்ப்பவர்கள் நல்ல ஹோட்டல் இருக்கிற தெருவாகக் கேட்டு வாங்கினார்கள். அவள் பச்சையும் காதும் குத்தும் இந்தக் கடைக்காக இந்தத் தெருவைக் கேட்டு வாங்கினாள்.

"டீ சொல்லட்டுமா மேடம்?" என்றாள் கடைக்காரி. தெருவே அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கொடியும் பூவுமாகப் பச்சை குத்திய கைகள். பத்து வருஷத்தில் பூக்கள் கொஞ்சம் வெளுத்திருந்தன. வந்திருக்கிற ஆய்வாளர் யார் என்று ஊசியக்காவுக்குத் தெரியவில்லை. சுவரோரப் பெஞ்சில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் அவள் அம்மாவும் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் இன்னும் நிரப்பாத படிவம்.

"டீ வேணாம். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க ஃபைல எடுங்க."

பெற்றவர் நேரில் வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் சின்னப் பிள்ளைகள் உடம்பில் ஊசி படக் கூடாது. அந்தச் சட்டத்தை ஆய்வாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினைந்து வயதில், காதின் மேல்மடலில் ஒரு சின்ன வளையத்துக்கு ஆசைப்பட்டு, இறால் உரிக்கும் கூடத்தில் அம்மாவை அரைநாள் லீவு போடவைத்து, இதே மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவள். அம்மா மையைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி ரேகை தேய்ந்த விரல். தாளில் விழுந்தது வெறும் கறுப்புப் பொட்டு. ஊசியக்கா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது கையெழுத்தா, கறையா? எழுதத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா." கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் அவளால் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அம்மா எந்தப் படிவத்தின் பக்கமும் போகவில்லை. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வரவில்லை. மகள் பட்டம் வாங்கிய அன்று, வாசலில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டத்துக்குக் கைதட்ட அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு ஆள் இல்லை.

ஃபைலைப் புரட்டினாள். கையெழுத்து, கையெழுத்து, கோழி கிளறியதுபோல் ஒன்று, மறுபடி கையெழுத்து. அப்புறம் ஒரு கறுப்புப் பொட்டு. பக்கத்தில், கைநாட்டு என்றால் சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலி.

அடிவயிறு வரைக்கும் இனித்தது. அடுத்த நொடியே, அந்தப் பொட்டைப் பார்க்கப் பார்க்க, கசந்தது.

"இது யாரு?"

"அதுவா? அந்தம்மாவுக்கு எழுத வராது மேடம். பொண்ணு ஒரே அழுகை. சரி போனாப் போகுதுன்னு வாங்கிக்கிட்டேன்."

"பத்து வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு அம்மா வந்தாங்க. அவங்களையும் போனாப் போகுதுன்னு விட வேண்டியதுதானே?"

ஊசியக்கா நிஜமாகவே யோசித்தாள். "திருப்பி அனுப்பியிருப்பேன். ஞாபகம் இல்லையே மேடம். உங்க சொந்தக்காரங்களா?"

ஞாபகம் இல்லை. பத்து வருஷமாகக் குளிக்கும்போது, பஸ்ஸில், பரீட்சைக்குப் படித்த நாளெல்லாம் இவளோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறாள். இவள் ஒருநாள்கூட அந்தச் சண்டைக்கு வந்ததே இல்லை.

நோட்டீஸை எடுத்தாள். 'கைநாட்டு செல்லாது' என்று தொடங்கப் போன பேனா நின்றது. செத்தாலும் அதைத் தன் கையால் எழுத மாட்டாள். 'சாட்சி வாங்காதது கடையின் தவறு. உரிமம் முப்பது நாள் நிறுத்தம்.'

"முப்பது நாளா? பாவம் பார்த்ததுக்கா மேடம் தண்டனை?" கேட்டுக்கொண்டே, நோட்டீஸ் கிடைத்ததற்குக் கையெழுத்துப் போட ஊசியக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"பேனா வேணாம்." ஆய்வாளர் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். "கையெழுத்துன்னா அப்புறம் என்னோடது இல்லன்னு சொல்லலாம். விரல வைங்க."

"கைநாட்டா? நான் படிச்சவ மேடம்!"

"படிச்சவங்களுக்கு விரல் இருக்காதா?"

ஊசியக்கா பெஞ்சைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கடைசியில் விரலை வைத்தாள். அவசரத்தில் வழுக்கி, ரேகை இழுபட்டு, பொட்டாகத்தான் விழுந்தது. ஆய்வாளர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"இது கையெழுத்தா, கறையா?"

பெஞ்சில் இருந்த அம்மா மட்டும் சிரித்தாள். பெரிய மனுஷி ஏதோ சொல்கிறாளே, சிரிக்காவிட்டால் தப்பாகிவிடுமோ என்கிற சிரிப்பு. மடியில் இருந்த வெள்ளைப் படிவம் அதற்குள் நாலாக மடிந்திருந்தது. அதன்மேல் இருந்த கட்டைவிரல் மெல்ல நகர்ந்து மற்ற நாலு விரல்களுக்கு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

அவள் மகள் சிரிக்கவில்லை. ஆய்வாளரின் முகத்தை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை, மைப்பெட்டியை மூடுகிற விரல்களை, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.