பாட்டில் இல்லாத சத்தம்

பெரிய டாக்டரம்மாவின் ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருஷமாக அவருக்குப் பிடித்த பாட்டுதான் ஓடியது. கையுறை மாட்டிக்கொண்டு தலையை லேசாக அசைப்பார். யாராவது ஓடிப்போய்ப் போடுவார்கள். எந்தச் சரணத்தில் தையல் போட ஆரம்பிப்பார் என்றுகூடப் பழைய நர்ஸ்கள் சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் இளையவர்கள் ஒன்றுகூடி, ரொம்பப் பணிவாக ஒரு கோரிக்கை வைத்தார்கள். இனி பாட்டு வாரத்துக்கு ஒருவர் முறை. "அதுக்கென்ன, தாராளமா போடுங்க" என்று சிரித்த முகத்தோடு ஒப்புக்கொண்டவர், வீட்டுக்குப் போய் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் காரில் மகன் ஏதோ ஒன்றைப் போட, "இதுல பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்?" என்று கேட்டிருந்தார். "முடிஞ்சே போச்சும்மா" என்றான் அவன்.

இந்த வாரம் சின்ன நர்ஸின் முறை. கருவிகளை எடுத்துக் கொடுக்கும் பெண். கேட்பதற்கு முன்பே சரியான கருவியை நீட்டுவாள். அதனாலேயே அவள் போட்ட பாட்டை டாக்டரம்மாவால் நேரடியாகத் திட்ட முடியவில்லை.

மேசையில் ஒரு பஸ் டிரைவர் மயக்கத்தில் கிடந்தார். பித்தப்பையில் கல். வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, எதிரே திரையைப் பார்த்துச் செய்கிற வேலை. அறை விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். பாட்டு என்ற பெயரில் ஏதோ தகரத்தில் அடித்தது, கீச்சிட்டது, மூச்சு வாங்கியது. ஊடே நோயாளியின் நாடித்துடிப்பைச் சொல்லும் மானிட்டரின் 'பீப் பீப்' வேறு.

"ஐயோ, ரெண்டுல ஏதாவது ஒண்ணைக் கொறைங்கப்பா! மண்டை வெடிக்குது" என்றார் டாக்டரம்மா.

மயக்க மருந்து டாக்டர் இளைஞர். தியேட்டரில் அவருக்குத் 'தாலாட்டு' என்று பட்டப்பெயர். பாட்டைக் குறைத்தால் சின்ன நர்ஸ் முகம் வாடும் என்று நினைத்தாரோ என்னவோ, மானிட்டரின் சத்தத்தைக் குறைத்தார். டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. அது போதும் என்றிருந்தது.

மேசையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தச் சொன்னார். ஆயிற்று. பித்தப்பையின் கழுத்தைப் பிடித்துப் பிரிக்கத் தொடங்கினார். கை பழகிய கை, தடுமாறாது. ஆனால் மனசு முழுக்கப் பாட்டோடு மல்லுக்கு நின்றது. 'இதுக்குத் தலை எது, வால் எது? என்ன சொல்றான் இவன்?' இடையே ஒரு புதுச் சத்தம் மெல்ல, படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் கனமாக. 'இது வேறயா? ஒப்பாரி மாதிரி' என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

நீட்டிய கையில் கத்தரிக்கோல் வந்து விழவில்லை.

"கத்தரி" என்றார்.

சின்ன நர்ஸ் அசையாமல் நின்றாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கத்தரி குடும்மா!"

"டாக்டர்... அந்த இறங்குற சத்தம் பாட்டுல கிடையாது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு டாக்டரம்மாவுக்குப் பிடிபட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மானிட்டரின் ஓசை தாழும். இருபது வருஷமாகக் கேட்ட ஓசை. நிமிர்ந்து பார்த்தார்: நூறை ஒட்டி இருக்க வேண்டிய எண் எழுபத்தெட்டு. பார்க்கும்போதே எழுபத்தாறு. தாலாட்டு மேசைக்குப் பின்னால் குனிந்து, கழன்ற டிரிப்ஸ் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டை நிறுத்து! தாலாட்டு, இங்க பாருப்பா, ஆள் நீலமாகறார்!"

அவர் துள்ளி எழுந்தார். டாக்டரம்மா வயிற்றில் நிரப்பியிருந்த வாயுவை வெளியேற்றினார், மேசையைச் சமமாக்கச் சொன்னார். தாலாட்டு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் இடமும் வலமும் மாற்றி மாற்றி வைத்தார்.

"ஒரு பக்கம்தான் காத்து போகுது. வாய்வழியா விட்ட குழாய் ரொம்ப உள்ள எறங்கிடுச்சு."

அந்தக் குழாயை இரண்டு விரற்கடை மேலே இழுத்தார். எல்லாரும் எண்ணைப் பார்த்தார்கள். எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. எழுபத்துமூன்று. எண்பது. ஓசை மெல்ல மேலேறியது. தொண்ணூற்றாறு வந்தபிறகுதான் டாக்டரம்மா மீதி வேலையைத் தொடர்ந்தார்.

பிற்பகல் கண்காணிப்பாளர் அறையில் விசாரணை. "பாட்டுதானே வினை? இன்னையோட எல்லாத்தையும் நிறுத்திடலாம்" என்றார் அவர். சின்ன நர்ஸ் தலைகுனிந்து நின்றாள். தாலாட்டின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழைய தியேட்டர் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அந்த எண்ணம் வந்ததை அவரால் மறுக்க முடியவில்லை.

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னது நான்" என்றார். "அந்த ஓசை இறங்கினது என் காதுலயும் விழுந்தது. பாட்டுன்னு நெனச்சு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். இந்தப் பொண்ணு பாட்டைக் கேட்டா. அதனால வித்தியாசம் புடிபட்டுச்சு."

அவருக்கும் தாலாட்டுக்கும் எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. மானிட்டர் சத்தத்தை இனி யாரும் தொடக்கூடாது என்று உத்தரவானது. பாட்டு தடைபடவில்லை.

வெளியே வந்ததும் சின்ன நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தாள். "என் முறையை விட்டுடறேன் டாக்டர். நீங்களே உங்களோடத போடுங்க."

"ஒண்ணும் விட வேண்டாம். செல்லுல இருக்கா அது? போடு."

உடை மாற்றும் அறை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். முடிந்ததும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "புடிச்சிருக்கா டாக்டர்?"

"சத்தியமா இல்லை" என்றார். "திருப்பிப் போடு."