புரட்டாசியில் இறங்கிய எண்

என் இதயத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு நாலைந்து இடங்களில் சுட்டார்கள். தொடை இடுக்கில் இருக்கும் ரத்த நாளம் வழியாக அது உள்ளே போனது. மயக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் குறைதான். கண் விழித்ததும் டாக்டரிடம், "சுட்ட இடம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவர் இளைஞர், சீனர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சமைக்கும்போது கையில் சுட்டுக்கொண்டால் வரும் தழும்பு மாதிரி, ஆனால் மிகச் சின்னதாக இருக்கும் என்றார். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும் மின்சாரம் அந்தத் தழும்பைத் தாண்டி வராதாம். தழும்பு ஆறுகிற மூன்று மாதத்தில் நெஞ்சு அவ்வப்போது துள்ளும், அதை வைத்து வைத்தியம் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

சொன்னபடியே துள்ளியது. சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு அடி விழாது. பிறகு இரண்டு அடி அவசரமாக விழும். வாளியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டில் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே நிற்பேன். அறுபது வருஷம் எனக்குள்ளேயே இருந்த ஒன்று இப்போதுதான் என்னிடம் பேச ஆரம்பித்தது போல இருந்தது.

பயம் வேறொன்றில் இருந்தது. என் வீட்டுக்காரர் உடையப்பன் போன வருஷம் பக்கவாதத்தில் போனார். ஒழுங்கில்லாமல் துடித்த இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்கு ஏறிவிட்டது. அவருக்கு அப்படித் துடிக்கிறது என்பதே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அடுத்த சில மாதங்களில் எனக்கும் அதே நோய் என்றார்கள். "புருஷனிடமிருந்து பொண்டாட்டிக்கு இது ஒட்டுமா?" என்று கேட்டேன். நர்ஸ் மிசி சிரித்துவிட்டாள். ஒட்டாதாம்.

ஆகவே என் காரியம் ஒன்றே ஒன்று. அவரைக் கொண்டுபோன கட்டி எனக்குள் உண்டாகக் கூடாது. அதற்குத்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் நீல மாத்திரை. இப்போது புது மருந்துகள் வந்திருக்கின்றன. ஆனால் எனக்கு இதயத்தின் வால்வும் கொஞ்சம் பழுது, அதனால் பழைய மருந்துதான் சரி என்றார்கள். பழைய மருந்துக்கு ஒரு குணம் உண்டு. விரலில் குத்தி ரத்தம் எடுத்து, அதில் வரும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் கட்டி உண்டாகும். ஏறினால் ரத்தம் கசியும்.

ஆகஸ்டில் எண் நன்றாக நின்றது. செப்டம்பரில் இறங்கத் தொடங்கியது.

என்னைப் பார்த்துக்கொள்ள உடையப்பனின் தங்கை பாப்பா ஆயர் தாவாரிலிருந்து வந்திருந்தாள். அவர்கள் பிறந்து வளர்ந்த பால்மர ரப்பர்த் தோட்டம் எப்போதோ செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்டது. ஆனால் தோட்டத்துப் பெருமாள் கோயில் அப்படியே இருக்கிறது. புரட்டாசி பிறந்தால் அண்ணன் தங்கை இருவரும் மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார்கள். உடையப்பன் முதல் வாரமே மீன் கனவு வருவதாகப் புலம்புவார், ஆனால் விடமாட்டார். அவர் இல்லாத இந்தப் புரட்டாசி விரதத்தை அவருக்காக நான் பிடித்தேன்.

"சரளாண்ணி, பசியாற வாங்க. அப்புறம் மாத்திர போட மறந்துட்டேன்னு என்னச் சொல்லக் கூடாது."

"அது ராத்திரி மாத்திரை பாப்பா."

"எந்த மாத்திரையா இருந்தா என்ன லா, வயித்துல எதாவது இருக்கணும்ல."

கிளினிக்கில் மருந்துக்கான ஆலோசனை சொல்பவள் ஷர்மினி, நம் தமிழ்ப் பிள்ளைதான். இரண்டாம் முறையும் எண் இறங்கியிருந்தபோது அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உண்மையச் சொல்லுங்க. மாத்திரை போடுறீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்லம்மா."

"நாட்டு மருந்து? கஷாயம்? கால்வலி மாத்திரை ஏதாச்சும்?"

எதுவும் இல்லை. அவள் டாக்டரைக் கேட்டு மருந்தைக் கூட்டிக் கொடுத்தாள். அப்படியும் எண் இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து வயிற்றில் தினமும் ஊசி போட வேண்டிவரும் என்றாள். உள்ளே புண் ஆறுகிற நேரத்தில்தான் கட்டி உண்டாக வாய்ப்பு அதிகமாம். "இது விளையாட்டில்ல ஆன்ட்டி" என்றாள். எனக்குத் தெரியாதா என்ன? உடையப்பனின் கோணிய வாயை நான் பார்த்தவள்.

அதற்கடுத்த முறை போனபோது எண் ஒன்றரைக்கும் கீழே இருந்தது. மருந்தைக் கூட்டியும்! டாக்டரைப் பார்க்க வெளியே உட்கார வைத்தார்கள். பக்கத்தில் பத்து காஜா என்ற ஊரிலிருந்து வந்த ராமையா என்பவர். பள்ளிக்கூடம் ஒன்றில் காவலாளி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, ஏசிட்டாங்களா?"

"ஏசாம என்ன செய்வாங்க? மாத்திரய வடிகால்ல போடுறியான்னு கேக்குறான். நான் என்னா சின்னப் பிள்ளயா?"

"உங்களுக்கு எவ்வளவு?"

"ஒன்னு ஆறு. எப்பவும் ரெண்டுக்கு மேலதான் நிக்கும் லா."

எனக்கு மனசுக்குள் ஏதோ அரித்தது. முன்வரிசையில் இருந்த அக்காவைத் தட்டிக் கேட்டேன். அவருக்கும் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் இரண்டு மலாய்க்காரர்கள், ஒரு சீனக் கிழவர். அவர்களிடமும் மலாயில் கேட்டேன். வழக்கம்போலத்தான் என்றார்கள்.

"தங்கச்சி, நீங்க என்னா சென்சஸ் எடுக்குறீங்களா?" என்றார் ராமையா.

"தமிழங்களுக்கு மட்டும் இறங்கியிருக்கு அண்ணே. அது ஏன்?"

"நம்ம ராசி லா, வேற என்ன."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு இருமல். நில அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற தம்பிமுத்து. யாழ்ப்பாணத்து வம்சம், மடிப்புக் கலையாத சட்டை.

"அப்படிச் சொல்லாதேங்கோ. நானும் தமிழன்தான். எனக்கு ரெண்டரை. அசையவே இல்லை."

"சிலோன்காரங்க ரத்தமே கணக்கா ஓடும்போல" என்றார் ராமையா.

"உம்மட ரத்தம் மாதிரி சம்பள நாளண்டைக்கு மட்டும் ஓடாது, ஓம்."

எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டேன். எங்கள் மூவருக்கும் இறங்கி, இவருக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை?

"ஐயா, நீங்க புரட்டாசி பிடிக்கிறீங்களா?"

"எனக்கென்ன புரட்டாசி பிள்ளை? நான் பிறந்ததில இருந்தே மச்சம் மாமிசம் தொட்டதில்லை."

ராமையாவிடம் கேட்டேன். பிடிக்கிறார். அந்த அக்காவும் பிடிக்கிறார். அப்படியானால் கறி மீனை விட்டதுதான் காரணமா? ஆனால் கறி மீனே தொடாதவருக்கு எண் அசையவில்லையே! அந்த இடத்தில் என் யோசனை முட்டிக்கொண்டு நின்றது. கறி மீன் இல்லாமல் இவர் சோற்றுக்கு எதைத் தொட்டுக்கொள்வார்?

"ஐயா, வீட்டில கீரை உண்டா?"

"ஒவ்வொரு நாளும். முருங்கையிலை வறை, இல்லாட்டிக் கடையல். மனிசி இருக்கேக்கையும் அதுதான், இப்ப மகள் வீட்டிலயும் அதுதான்."

விரதம் என்றால் நாங்கள் எதை விட்டோம் என்பதைத்தான் நினைக்கிறோம். விட்ட இடத்தில் எதைப் போட்டு நிரப்பினோம் என்பதை நினைப்பதில்லை. பாப்பா வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் முருங்கைக்கீரை அடை, மதியம் சாயூர் மானிஸ் கீரைப் பொரியல், அவள் தோட்டத்து ஓடையோரம் பறித்து வந்த பாக்குக் கீரை, இரவு மிச்சம். மாத்திரை ஆரம்பித்த நாளில் ஷர்மினி, "பச்சைக் காய்கறி நெறய சாப்பிடுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். எப்போதாவது என்றேன். அது ஆகஸ்டில் உண்மை. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. விரதத்தை யாராவது மருந்துக்காரியிடம் போய்ச் சொல்வார்களா?

டாக்டர் அறைக்கு முன்னால் ஷர்மினியைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ ஆன்ட்டி! எங்க வீட்லயே அம்மா மாசம் பூரா கீரைதான் ஆக்குறாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு நேர் எதிராக வேலை செய்யுமாம். இது அவளுக்குத் தெரிந்ததுதான். தம்பிமுத்துவுக்கு அவர் தினமும் தின்னும் கீரையையும் கணக்கில் வைத்தே மருந்தின் அளவு அமைந்திருக்கிறது, அதனால் எண் அசைவதில்லை. எங்களுக்குத்தான் கணக்கு மாறிப்போனது.

"அப்ப இன்னிக்கே கீரைய நிறுத்திடறேன்."

"ஆன்ட்டி, அதத்தான் செய்யக் கூடாது! மருந்தைக் கூட்டியிருக்கோம். இப்பக் கீரைய நிறுத்துனா எண் எகிறிடும். ரத்தம் கசிய ஆரம்பிச்சிரும். தினமும் ஒரே அளவு சாப்பிடுங்க, அது போதும். மருந்த நாங்க அதுக்கேத்த மாதிரி வைக்கிறோம்."

ஊசிக்குப் படுக்க வைக்கவில்லை. டாக்டர் கேட்டுவிட்டு, அடிக்கடி வந்து குத்திப் பார்க்கச் சொன்னார். வெளியே வந்து ராமையாவிடமும் கீரையைத் திடீரென்று விட்டுவிட வேண்டாம் என்று சொன்னேன்.

பாப்பாவுக்கு இதைப் புரிய வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. "கீர ஒடம்புக்கு ஆகாதா? அந்த டாக்டர் தோட்டத்துல பொறந்திருக்கணும்" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள். ஆகாது என்று யாரும் சொல்லவில்லை, ஒரே அளவு, ஒரு கைப்பிடி என்றேன். "யாரு கைப்பிடி? என் கையா, ஒங்க கையா?" நியாயமான கேள்வி. என் கை என்று முடிவு செய்தோம். அதன்பிறகு சமைக்கும் நேரமெல்லாம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னாள்.

எண் மெல்ல ஏறி இரண்டைத் தொட்டது. புரட்டாசி முடிந்து மூச்சு விடுவதற்குள் தீபாவளி. அந்த நாளுக்குத்தான் நான் உள்ளூரப் பயந்தேன். ஆயர் தாவாரில் பாப்பா வீட்டில் விடியற்காலையிலேயே ஆட்டுக்கறி கொதிக்கும். ஒரு மாதத்து ஆசை, தெரு முழுக்க, யார் வந்தாலும் விருந்து வைக்கும் திறந்த வீடு, போகிற இடமெல்லாம் கறியும் முறுக்கும். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் கீரை என்ற சொல்லைச் சொன்னாலே சிரிப்பார்கள்.

இலை போட்டார்கள். தோசை, கறிக்குழம்பு, கோழிப் பிரட்டல். பாப்பா மருமகள்கள் முன்னால் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் இலை ஓரத்தில் கவிழ்த்தாள். முருங்கைக்கீரைப் பொரியல்.

"தீபாவளிக்குக் கீர ஆக்குன ஒரே வீடு மலேசியாவுலயே இதுதான். திங்காம எந்திரிச்சீங்கன்னா பாருங்க அண்ணி."

"அளந்தியா?"

"ஒங்க கை என் கையில பாதி. எனக்குத் தெரியாதா?"

தின்றேன். அடுத்த வாரம் எண் இரண்டரை. ராமையாவும் வந்திருந்தார், மூக்கில் பஞ்சோடு. தீபாவளி அன்று கீரையை மறந்து இரண்டு நாள் கறியாகத் தின்றிருக்கிறார். மூக்கில் ரத்தம் நிற்காமல், எண் ஐந்தைத் தாண்டி, இரவோடு இரவாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். "சொன்னீங்கள்ல தங்கச்சி" என்று பஞ்சை அழுத்திக்கொண்டே சிரித்தார். ஷர்மினி அந்த வாரமே கவுண்டருக்குப் பக்கத்தில் மலாயிலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். விரதம் தொடங்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள் என்று.

மூன்று மாதம் முடிந்து என் இதயத் துடிப்பின் வரைபடம் எடுத்தார்கள். ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் நின்றது. மருந்து மட்டும் தொடரட்டும் என்றார் டாக்டர். "இன்னும் எப்போதாவது ஒரு அடி தவறுகிறதே?" என்றேன். எல்லோருக்கும் தவறும், நீங்கள்தான் காது கொடுத்துக் கேட்கிறீர்கள் என்றார். உடையப்பன் இருந்திருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை வைத்து என்னை ஒரு மாதம் கேலி செய்திருப்பார்.

வெளியே வந்து மருந்துக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு மலாய் அம்மா விரலில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அம்மா, நோன்பு மாதத்தில் உங்களுக்கு எண் எப்படி இருக்கும்?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஏன் கேட்கிறீர்கள்? அந்த மாதம் மட்டும் அது என் பேச்சைக் கேட்பதே இல்லை" என்றார்.

நான் என் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.